இசைத்தட்டில் நந்தன் குரல்

காவிரி கடைமடை வரை பாய்ந்த தஞ்சைத் தரணியில் நெல்லோடு இசை நாடகமும் செழித்து விளைந்தது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை, திருவையாற்றில் தியாகராசர் தெலுங்கில் இயற்றிய பிரகலாத பக்தி விஜயம், மேலட்டூர்ப் பாகவத மேளா என அவ்வரிசை நீளும். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. கதாகாலட்சேப மேடையிலிருந்து அது இசைத்தட்டுக்கும் திரைக்கும் சென்றது. அப்பயணத்தில் அதன் காலமும் சுருதியும் சுவையும் என்னவாயின என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தனார் சரித்திரம் 1861இல் அச்சேறியது. காரைக்காலில் இருந்த சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரி அதற்குத் துணைநின்றார். நூலில் இலக்கண வழுக்கள் கண்டு சிறப்புப் பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடக் கேட்ட பின்னரே மனம் உருகி அதனை அளித்தார் என்பது உ.வே.சாமிநாதையர் வழி நாம் அறிந்த செய்தி. ஏட்டில் தடுத்ததைச் செவி ஏற்றுக்கொண்டது. எனவே இந்நூலை மதிப்பிடுவோர் அது எவ்வாறு ஒலித்தது என்பதையும் வினவியே தீர வேண்டும்.

நூலினுள் கீர்த்தனைகளோடு விருத்தம், நொண்டிச் சிந்து, இருசொல் அலங்காரம், தண்டகம் முதலியன விரவி வரும். விருத்தம் தாளத்திற்குக் கட்டுப்படாது. சிந்து நடந்து செல்லும். இருசொல் அலங்காரம் உரையாடலாய் விரையும். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்றோர் வளர்த்த காலட்சேப மேடையில், கதை சொல்லுதலும் பாடுதலும் மாறிமாறி வர, இந்நடை வேறுபாடுகளே கதையின் மூச்சாயின. வேதியர் நாற்பது வேலியையும் விளைவித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்பது இருநூற்றறுபது ஏக்கருக்கும் மேல். அந்தச் சுமையின் அளவைக் கேட்போர் உணர, பாகவதருக்கு நேரம் இருந்தது. பெரிய புராணத்தில் இல்லாத அவ்வேதியரைப் பாரதியார் படைத்ததும் அச்சுமையைக் காட்டுவதற்கே எனலாம்.

இசைத்தட்டு வந்தது, நேரம் போயிற்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே பிடிக்கும். கதை உதிர்ந்தது, பாட்டு மட்டும் நின்றது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராயினர். ஒலிபெருக்கியில்லா நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உயர்ந்த சுருதியில் பாடிப் பழகியது அம்மையாரின் குரல். தேவாரம் ஓதிப் பழகியது தேசிகரின் கனத்த குரல். ஒரே நந்தன் ஒருவரிடம் அறைகூவுவான். மற்றவரிடம் நெஞ்சுக்குள் கரைவான்.

இனி ஒரு நுட்பம். மேனாட்டு இசை நாடகத்தில் சுருதியையும் காலத்தையும் ஆக்கியோனே ஏட்டில் குறித்துவிடுவான். அச்சுருதியின் அளவுக்காகவே பிரான்சு 1859இல் சட்டம் செய்தது. 1884இல் இத்தாலியின் வெர்டி தம் அரசுக்கு எழுதினார். நம் மரபில் சுருதி பாடுவோரின் குரலுக்கேற்பது. இராகம் அதனால் மாறுவதில்லை. ஆனால் தட்டின் வேகம் மாறினால் சுருதியும் காலமும் ஒருங்கே மாறும். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. நூற்றுக்கு ஆறு பங்கு விரைவாகச் சுழற்றினால் சுருதி அரைக்கட்டை ஏறும். மூன்று நிமிடப் பாட்டு பத்து விநாடி முன்னதாக முடியும். அப்பாடகர் ஐந்து கட்டையில் பாடினார் என்று வியக்குமுன், பாடியது அவரா, பொறியா என்று கேட்க வேண்டும்.

என் பாட்டனார் வீட்டில் சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. பாட்டு முடியுமுன்னே சுருள்வில் தளர, நந்தன் குரல் மெல்ல மெல்லத் தாழும். பாட்டியார் அவ்விடத்தில்தான் கண் துடைப்பார். வில்லின் தளர்ச்சி என்று பாட்டனார் சொன்னால், "நாள் முழுக்க நடவு நட்டவன் குரல் தளராதா?" என்பார். அன்று நகைத்தேன். இன்று எண்ணுகையில், காலமும் சுருதியும் தாழச் சுவை பிறக்கும் என்பதை எனக்கு முதலில் உணர்த்தியவர் அவரே.

'வருகலாமோ' என்னும் மாஞ்சி இராகக் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். தில்லையின் எல்லையில் நின்று இறைவனை நோக்கி நந்தன் கேட்பது அது. ஓகார இடைச்சொல்லுக்கு நன்னூல் எட்டுப் பொருள் கூறும். வினா, எதிர்மறை, கழிவு ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் எது நந்தனின் ஓகாரம்? விளம்பத்தில் நீட்டிப் பாடினால் கழிவிரக்கம் மேலோங்கும். மத்திம காலத்தில் நிறுத்திக் கேட்டால் விடை வேண்டும் வினாவாகும். விரைந்து முடித்தாலோ, வர இயலாது என்ற எதிர்மறையைத் தானே ஏற்றுக்கொண்டது போல் ஒலிக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939இல் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்து மூன்றாண்டுக்குப் பின் தேசிகரைக் கேட்டவர்களுக்கு இது வெறும் இலக்கண ஐயமன்று. இரப்பா, உரிமையா என்பதே வினா. இசைத்தட்டுகள் நமக்குப் பெரிதும் இரப்பையே பழக்கிவிட்டன என்பது என் கருத்து. மாஞ்சியின் உருக்கம் அதற்குத் துணைபோயிற்று. முன்னும் பின்னும் இருந்த நாற்பது வேலியும் உதிர்ந்தமையே முதற்காரணம்.

தேசிகரின் குரலையோ அம்மையாரின் குரலையோ குறைகூறுதல் என் கருத்தன்று. அவை இல்லையேல் பாரதியார் நூலகத்தில் உறங்கியிருப்பார். ஆயினும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டு நிறைவை ஒட்டி, வரும் கூட்டங்களுள் ஒன்றை நந்தனாருக்கு ஒதுக்குவோம். ஒருவர் கதை சொல்லட்டும், ஒருவர் பாடட்டும், நொண்டிச் சிந்தையும் விருத்தத்தையும் விடாமல், மணி பாராமல் கேட்போம். 'வருகலாமோ' வரும்போது அதன் ஓகாரம் எப்பொருளில் ஒலிக்கிறது என்பதை அவரவர் செவியே சொல்லட்டும்.