சமயம் என்னுஞ் சொல்லும் சேதுக்கரை வழக்கும்

இராமநாதபுரத்தினின்று தொண்டி நோக்கிச் செல்லும் கடற்கரை நெறியில், தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் இடையே திருப்பாலைக்குடி என்னும் ஊர் உள்ளது. சேதுயாத்திரை செய்வோர் உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கித் தேவிபட்டினத்துக் கடலினுள் நிற்கும் நவபாடாணங்களைத் தரிசித்து, அதன்பின் இராமேச்சுரம் புகுதல் மரபு. அந்நெறியில் இருத்தலின் இவ்வூரார் சேது யாத்திரிகரை வழிவழிக் கண்டு பழகியோராவர். இக்கரையில் வாழும் இசுலாமியர் தாம் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றும், பகலில் உண்ணாதிருத்தலை நோன்பு என்றும் கூறுவர். கிறித்தவரை வேதக்காரர் என்றும், அவர்தம் ஆலயத்தை வேதக்கோயில் என்றும் ஊரார் வழங்குவர். பள்ளி என்பது முற்காலத்து அமணர்க்கும் புத்தர்க்கும் உரிய இருக்கையின் பெயர். நோன்பு தூய தமிழ்ச்சொல். வேதமோ வைதிகர் தம் உயிரினும் மேலாகப் போற்றும் நூற்குரிய பெயர். இவ்வாறு சொற்கள் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தடையின்றிச் சென்றிருக்கவும், இவர் ஒரு சமயத்தார், அவர் வேறொரு சமயத்தார் எனப் பிரித்துரைப்பது எதுபற்றி? இவ்வினாவிற்கு விடைகாண வேண்டின் சமயம், மதம், இந்து என்னும் மூன்று சொற்களின் வரலாற்றை ஆராய்தல் வேண்டும்.

மதம் என்னுஞ் சொல் தமிழிலக்கணத்தில் கொள்கை என்னும் பொருட்டாய் நின்றது. நன்னூலார் நூலாசிரியர்க்கு உரியனவாக எழுவகை மதங்களைக் கூறுகின்றார். பிறர் கூற்றுக்கு உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும். அங்கே வழிபாட்டுக்கு இடமேயில்லை. சமயம் என்பதும் அத்தகையதே. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறங் கேட்ட காதையில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்போர் தத்தம் கோட்பாட்டை உரைக்கின்றனர். சைவமும் வைணவமும் வேதவாதமும் அங்குத் தனித்தனியே நிற்கின்றன. அவற்றையெல்லாம் ஒருங்கு சேர்த்துரைக்கும் பெயர் ஒன்றும் அக்காதையில் இல்லை. கணக்கர் என்ற பெயரே குறிக்கத்தக்கது. அளவை எத்தனை, பொருள் எத்தனை, வீடு யாது என எண்ணிக் கூறவல்லாரே சமயக்கணக்கர் எனப்பட்டனர்.

இவ்வழியே நின்று சமயங்களை வகுத்த முறைகளுள் சைவசித்தாந்திகள் வகுத்ததே மிக நுட்பமானது. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்து, ஒவ்வொன்றினும் அறுவரை அடக்குவர். உலகாயதமும் நால்வகைப் பௌத்தமும் சமணமும் புறப்புறம். தருக்கம், மீமாஞ்சை, ஏகான்மவாதம், சாங்கியம், யோகம், பாஞ்சராத்திரம் என்பன புறம். பாசுபதம், மாவிரதம், காபாலம், வாமம், வைரவம், ஐக்கியவாத சைவம் என்பன அகப்புறம். பாடாணவாதம் முதல் சிவாத்துவிதம் ஈறாகிய சைவ பேதங்கள் அகம். இவ்வட்டங்களைப் பிரிக்குங் கோடுகள் நூற்பிரமாணத்தால் இடப்பட்டவை. வேதத்தையும் சிவாகமத்தையும் ஒருங்கே மறுப்பார் புறப்புறத்தார். வேதங்கொண்டு ஆகமங் கொள்ளாதார் புறத்தார். இரண்டினையும் பொதுவாற் கொண்டும் அவற்றோடு மாறுபட்ட நூல்களைச் சிறப்பெனக் கொள்வார் அகப்புறத்தார். இரண்டினையுங் கொண்டு பொருள்கோளில் மட்டும் பிழைப்பார் அகத்தார். பிறந்த குலமோ நாடோ உடையோ உணவோ இப்பகுப்பில் எங்கும் அளவுகோலாக வரவில்லை. இக்காலத்தார் இந்து, இந்து அல்லாதார் என இடுங் கோடு, புறப்புறத்துக்கும் புறத்துக்கும் இடையிலுள்ள ஒரு கோட்டளவே நிற்பது. எஞ்சிய கோடுகள் அதனுள் மறைந்துபோகின்றன. ஏகான்மவாதியும் சித்தாந்தியும் ஒருவரேபோலத் தோன்றுதற்குக் காரணம் இதுவே.

சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் உலோகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வரை மறுத்தார். 1313 இல் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சங்கற்ப நிராகரணம் மாயாவாதத்தோடு சைவத்தின் உட்பகையாகிய வாதங்களையும் எடுத்துக்கொண்டது. பாண்டிநாட்டுக் கடற்றுறைகளில் அராபிய வணிகர் குதிரை கொணர்ந்து இறக்கிய காலமும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் அவர்தம் மார்க்கம் இவ்விரு நூலினும் பேசப்படவில்லை. ஆசிரியர் அதனை இகழ்ந்து விடுத்தார் என்றல் பொருந்தாது. அளவையும் பொருளும் வைத்து வாதிக்குந் தமிழ்நூலோ வடநூலோ அம்மார்க்கத்தார்பால் அன்று இல்லை; ஆகவே அது வாதக்களத்துக்கு வரவில்லை. சமயம் என்றது மக்கட்கூட்டத்தையன்றிக் கோட்பாட்டையே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. பின்னர்க் கீழக்கரைச் சீதக்காதியின் ஆதரவு பெற்ற உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபொழுது, நபிகள் வரலாறு தமிழ்ப் புராணத்தின் நாட்டுப்படலம் முதலிய உறுப்புக்களோடே வெளிவந்தது.

சொல் கைம்மாறியதிற் பெரிது வேதம் என்பதே. 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட்டு தெ நொபிலி தம் சமயத்தைச் சத்திய வேதம் என்றே நாட்டினார். அதனால் வேதத்திற் சேர்தல் என்னுந் தொடர் கிறித்தவராதல் என்னும் பொருளில் ஊர்வழக்காயிற்று. கோட்பாட்டுக்குரிய சொல் ஒரு கூட்டத்துட் புகுதலைக் குறிக்கத் தொடங்கியது இங்கேதான். அதன் கொடிய பயனைத் திருவாடானைப் பக்கத்து ஓரியூர் 1693 இற் கண்டது. அருளானந்தர் எனப்பட்ட ஜான் தெ பிரிட்டோ, சேதுபதி மரபிற் சேர்ந்த தடியத்தேவருக்கு ஞானநீராட்டினார். அத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். கிழவன் சேதுபதியின் ஆட்சியில் பிரிட்டோ பாதிரியார் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். இவ்வழக்கில் அளவை பற்றியோ முத்தி பற்றியோ ஒரு வாதமும் எழவில்லை. மணவுறவும் அரசுறவுமே முன்னின்றன. கொலை கொலையே, அதனை எச்சமயத்தின் பேராலும் போற்றுதற்கில்லை.

கடவுட்பெயரிலும் இந்நிகழ்ச்சி உண்டு. தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்த சீகன்பால்கு சருவேசுரன் என்ற சொல்லைக் கொண்டார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் விவிலியத்தைப் பெயர்த்த பப்பிரிசியு பராபரன் என்றார். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த தாயுமான சுவாமிகள், இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்திற் சமாதி கொண்டவர், பராபரக்கண்ணி பாடியவர். ஒரே சொல் ஈரிடத்தும் நிற்பினும் பொருள் ஒன்றாகாது. சுவாமிகள் பராபரம் என்றது உயிரோடு அத்துவிதமாய்க் கலந்து நிற்கும் பொருளை. பாதிரியார் பராபரன் என்றது உலகத்தை இன்மையினின்று படைத்த முதல்வனை. சற்காரியவாதங் கொள்ளும் சித்தாந்தி, மாயையாகிய முதற்காரணமின்றிக் காரியம் தோன்றும் என்பதை ஒருபோதும் ஒப்பான். சமய ஒப்புமை ஆராய்வார் சொல்லொப்புமை கண்டு மயங்கும் இடம் இதுவே, மயங்கினாரும் பலர்.

இனி இந்து என்னுஞ் சொல். சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கியதனால் அது பிறந்தது. முதலில் நாட்டையே குறித்தது. விசயநகரத்துப் புக்கராயர் 14 ஆம் நூற்றாண்டில் இந்துராய சுரத்திராணர் எனப் பட்டம் பூண்டபொழுதும், அது துருக்க அரசரினின்று வேறுபட்ட அரசுநிலையைக் காட்டியதேயன்றி ஒரு கோட்பாட்டைக் காட்டியதன்று. ஆங்கில அரசு குடிக்கணக்கு எடுத்தபொழுது ஒவ்வொருவரும் ஒரு சமயத்தின்கீழ் எழுதப்பட வேண்டியவராயினர். மணிமேகலைக் கணக்கர் கோட்பாட்டை எண்ணினர். இக்கணக்கர் தலைகளை எண்ணினர்.

1893 செப்டம்பரிற் சிகாகோவிற் கூடிய சருவசமயப் பேரவையில் இப்பெயர் உலகறிய நின்றது. விவேகானந்த சுவாமிகளை அங்குச் செல்ல ஊக்கினவருள் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி தலையாயவர். சுவாமிகள் மீண்டு 1897 சனவரி 26 இற் பாம்பனில் இறங்கியபொழுது எதிர்கொண்டவரும் அவரே. இராமேச்சுரத்துத் திருக்கோயிலிற் சுவாமிகள் மெய்வழிபாடு பற்றிப் பேசுகையில், எளியோரிடத்தும் நோயுற்றோரிடத்தும் சிவனைக் காண்பதே சிறந்த பூசை என்னுங் கருத்தை வற்புறுத்தினார். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரனெனத் தொழப் பணிக்கின்றது. சுவாமிகள் எளியோரை முன்வைத்தார். சூத்திரமோ மெய்யடியாரை ஆலயத்தோடு இணைத்தே வைத்தது. அவர்தம் வேதாந்தம் சித்தாந்திகளாற் புறச்சமயத்துள் வைக்கப்பட்ட ஏகான்மவாதமாயிருக்க, இராமநாதசுவாமி கோயிலின் காவலராகிய சேதுபதி அவரை அனுப்பத் துணைநின்றது முரண்போலத் தோன்றலாம். அயலார் அவையில் இந்து என்னும் பொதுப்பெயர் வேண்டப்பட்டது. அவ்வேளை அதற்குத் தக்கவரைத் தேர்ந்தமை அரசர்க்குரிய அறிவே. ஆயினும் அப்பொதுப்பெயர்க்கு ஏகான்மவாதமே உள்ளுறை என்று மேனாட்டார் கொள்ளத் தலைப்பட்டதனால் சைவர்க்கு நேர்ந்த இழப்புச் சிறிதன்று. அதனை ஈடுசெய்ய முயன்றவர் ஜே. எம். நல்லசாமி பிள்ளை. சிவஞானபோதத்தை 1895 இல் ஆங்கிலத்திற் பெயர்த்த அவர், சுவாமிகள் பாம்பனில் இறங்கிய அதே 1897 இற் சித்தாந்த தீபிகையைத் தொடங்கினார்.

நாடு விடுதலையுற்றபின் இவ்வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. கூர்ச்சர நாட்டுச் சுவாமி நாராயண மரபினர் சிலர் தாம் இந்துக்கள் அல்லர் என வாதித்தனர். தாழ்த்தப்பட்டோர் தம் கோயில்களுட் புகாதபடி தடுத்தலே அவ்வாதத்தின் நோக்கம். உச்சநீதிமன்றம் 1966 இல் அதனைத் தள்ளி, வேதத்தை நன்மதிப்போடு ஏற்றலும் வீட்டுநெறி பல என உடன்படுதலும் முதலாயவற்றை இந்துவின் இலக்கணமாகக் காட்டியது. வழக்கின் முடிவு அறத்தோடு பட்டதே. இலக்கணத்தில் ஆகமத்துக்கு இடமில்லாமையே குறை. புறச்சமயத்தார்க்கும் அகச்சமயத்தார்க்கும் வேற்றுமை அதனால் அறியப்படாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் அர்ச்சகர் பதவி வழிவழி உரிமையாகாது என்ற சட்டம் 1972 இல் அந்நீதிமன்றத்தின் முன் வந்தபொழுது, சட்டம் செல்லும் என்றதோடு, அர்ச்சகர்க்கு ஆகமங்கள் விதித்த தகுதியும் பேணப்பட வேண்டும் எனக் கூற நேர்ந்தது. 1966 இல் வேதத்தளவில் நின்ற மன்றம், சிவாலயத்துக் கருவறை வாயிலுக்கு வந்தபொழுது காமிகத்தையும் காரணத்தையும் நோக்கவேண்டியதாயிற்று.