சுந்தரரிடமே வழிப்பறி! திருப்பூர் - அவினாசி ரோட்டில் நடந்தது என்ன?

திருப்பூர்னா பனியன், அவினாசி ரோடுன்னா டிராஃபிக். நமக்குத் தெரிஞ்சது இதுதான். ஆனா இதே ரோட்டில், தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பாடிய ஊர்கள் இரண்டு இருக்கு. கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் மொத்தமே 7. அதில் திருமுருகன்பூண்டியும் அவினாசியும் சுமார் 5 கி.மீ. இடைவெளியில்!

சுந்தரர் இங்கே ஏன் வந்தார்?

திருநாவலூரில் பிறந்த சுந்தரர், 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பரவலான கருத்து. அவரோட நெருங்கிய நண்பர் சேரமான் பெருமாள் நாயனார். அவரைப் பார்க்க கொடுங்கல்லூர் போகணும்னா கொங்கு நாட்டைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகணும். இன்னைக்கும் சேலத்திலிருந்து கொச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை 544 அவினாசியைத் தொட்டுத்தான் போகுது.

பூண்டியில் நடந்தது என்ன?

சேரமான் கொடுத்த பொன்னும் பொருளுமாகத் திரும்பும்போது, பூண்டி அருகே வேடர்கள் எல்லாவற்றையும் பறிச்சுக்கிட்டாங்க. கோயிலுக்குப் போன சுந்தரர் கோபத்தோடு சிவனையே கேட்கிறார்: இப்படிப்பட்ட ஊரில் நீங்க எதுக்கு இருக்கீங்க? வழியில் போறவங்களை மிரட்டி, குத்தி, கட்டியிருக்கும் துணியைக்கூட விடாம பறிக்கிறாங்கன்னு அந்தப் பதிகம் சொல்லுது. இன்னைக்கு ஊருக்கே துணி தைக்கிற பகுதி இது என்பதை நினைச்சா சிரிப்புதான் வரும்.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். பதிகம் பேசுவது வேடர்களைப் பற்றி. வேடர் உருவில் வந்தது சிவனின் பூதகணங்கள், பொருளெல்லாம் திரும்பக் கிடைச்சதுன்னு விரிவாகச் சொல்வது 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். பக்தர்களுக்கு அது திருவிளையாடல். வரலாறு படிக்கிறவங்களுக்கோ, அந்தக் கால வணிகப் பாதை எவ்வளவு ஆபத்தாக இருந்ததுன்னு காட்டும் நேரடி சாட்சி இந்தப் பதிகம்.

முதலை விழுங்கிய சிறுவன்

அவினாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். இன்னொரு முறை சேரமானைப் பார்க்கப் போகும்போது சுந்தரர் இந்த ஊருக்கு வர்றார். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டில் அழுகை. விசாரிச்சா, சேர்ந்து விளையாடிய ரெண்டு பசங்களில் ஒருத்தனை சில வருஷம் முன்னாடி குளத்து முதலை விழுங்கிடுச்சு. உயிரோட இருந்திருந்தா அவனுக்கும் இப்போ பூணூல் போடும் வயசு. சுந்தரர் பாடினார். முதலை அவனைக் கரையில் உமிழ்ந்தது, அத்தனை வருஷ வளர்ச்சியோடு! பிள்ளையைத் தரச் சொல்லுங்கன்னு கேட்கும் வரி அவினாசிப் பதிகத்திலேயே இருக்கு.

இப்போ இருக்கும் கோயில் அவர் பார்த்ததா?

அப்படிச் சொல்ல முடியாது. அவினாசியில் இப்போ நாம பார்க்கிற மாதிரி உயரமான ராஜகோபுரங்கள் தமிழகத்தில் எழுந்தது சுந்தரருக்குப் பல நூற்றாண்டு கழித்துத்தான். அவர் காலத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருப்பது பாட்டும், ஊரும், வழியும்.

வழியும் பாரம்பரியமான்னு கேட்கலாம். பிரான்ஸில் ஸ்பெயினின் சாந்தியாகோ போகும் யாத்திரைப் பாதையை, வழியிலுள்ள தேவாலயங்கள், பாலங்கள், பாதையின் சில பகுதிகள் எல்லாம் சேர்த்து 1998-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியிருக்கு. நம்ம கொங்குப் பாதைக்கு அப்படி ஒரு அடையாளம் இல்லை. சுந்தரர் வந்த வழின்னு ஒரு போர்டு வைச்சாக்கூட நல்லா இருக்கும்.

எப்போ போகலாம்?

பூண்டியில் மாசித் தேர்த் திருவிழாவின்போது வேடுபறி நடக்கும். அவினாசியில் பங்குனி உத்திரத்தை ஒட்டி முதலைவாய்ப் பிள்ளை உற்சவம். சித்திரையில் தேர், தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று. பூண்டி போனா சாலையோர சிற்பக்கூடங்களிலும் கொஞ்சம் நில்லுங்க. கோயில்களுக்கான கற்சிலைகள் இன்னைக்கும் அங்கே உளி வச்சுத்தான் உருவாகுது.