ஒன்காயின் மோசடி

கிரிப்டோ நாணயத்தின் பெயரால் உலகெங்கும் நடந்த பணமோசடி. பல்கேரியாவின் சோபியா நகரிலிருந்து 2014-இல் இதை ருஜா இக்னாட்டோவாவும் கார்ல் செபாஸ்டியன் கிரீன்வுட்டும் தொடங்கினர். மக்கள் இழந்தது சுமார் 400 கோடி டாலர்.

இயங்கிய முறை: 'கல்வித் தொகுப்பு' என்று பாடங்களை விற்று, கூடவே டோக்கன்களைக் கொடுத்தனர். ஆள் சேர்த்தவருக்குக் கமிஷன் உண்டு. எவரும் சரிபார்க்கக்கூடிய பிளாக்செயின் (பரிவர்த்தனைப் பதிவேடு) கிடையாது. நாணயத்தின் விலையை நிறுவனமே வைத்தது, 0.50 யூரோ 29.95 யூரோவாக ஏறியதாகக் கணக்குக் காட்டியது. திரையில் எண் வளர்ந்தது. வெளிச்சந்தையில் விற்க வழியில்லை.

முடிவு: 2017 அக்டோபரில் இக்னாட்டோவா ஏதென்ஸுக்கு விமானம் ஏறித் தலைமறைவானார். 2022-இல் எஃப்.பி.ஐ. அவரை மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தது. கிரீன்வுட்டுக்கு 2023-இல் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அடையாளங்கள்: உறுதியான லாபம் என்ற வாக்குறுதி, ஆள் சேர்த்தால் பணம், 'இன்றே போடுங்கள்' என்ற அவசரம், பணத்தை எடுக்கப் போனால் தடை.

தற்காப்பு: நாணயம் பொதுச் சந்தையில் விற்பனையாகிறதா, அதன் பரிவர்த்தனைப் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். உறவினரே அழைத்தாலும் விசாரிக்காமல் சேமிப்பைத் தரக்கூடாது; இத்திட்டம் பரவியதே அந்த நம்பிக்கையின் வழியாகத்தான்.