அடுப்பில் எரிந்த மரமும் ஆளிவிதை எண்ணெயும்



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த கூட்டுப்பணியின்போது, பண்டக அறையில் கிடந்த பழைய பெஞ்சு ஒன்றின் சாயத்தைச் சுரண்டினோம். உள்ளே வெளிர்மஞ்சள் மரம் தெரிந்தது. நாற்காலித் தொழிற்சாலையில் பணிபுரிந்த தந்தை ஒருவர், “நம்ம பால்மரம்தான், சார்” என்றார். பேரனுடன் வந்திருந்த மூதாட்டி நம்பவில்லை. “இத நாங்க அடுப்புலதானே வெச்சோம்!” என்றார்.

அவர் சொன்னது உண்மையே. 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் தொடங்கியது மலாயா ரப்பரின் வரலாறு. 1896-இல் டான் சே யான் மலாக்காவில் அதனை வணிகப் பயிராக்கினார். தொடர்ந்து நெகிரி செம்பிலானின் காடுகளும் தோட்டங்களாயின. சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டினர். ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த மரம், பின்னர் வீழ்த்தப்பட்டு லயத்து அடுப்பிலும் புகைக்கூடத்திலும் எரிந்தது. 1967-இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலையின் உலைக்கும் பால்மரக் கரியே பயன்பட்டது.

ஏன் பலகையாகவில்லை? இம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் நீலக்கறை ஏற்றும், வண்டு துளைக்கும். எனவே உதவாத மரம் எனப் பெயர் பெற்றது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும் தொழில்துறையின் முயற்சியும் இதனை மாற்றின. வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பலகை நிலைக்கும். 1980களில் அது நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறியது. அக்காலத்தில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன. மரத்திற்கு மதிப்பு வந்தது. அதனை வளர்த்த குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு வெளியேறின.

எங்கள் பெஞ்சுக்கு மீண்டும் சாயம் பூசவில்லை; மரவரி மறைந்துவிடும் அல்லவா? துணியால் எண்ணெய் தேய்த்தோம். முதலில் மரவரியின் போக்கில் உப்புத்தாள் தேய்த்துத் தூசு துடைத்தோம். பிறகு பழைய வேட்டித் துணியால் ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, கால் மணி நேரத்தில் மிகுதியை ஒற்றி எடுத்தோம். நன்கு காய்ந்தபின் மறுபூச்சு. இப்படி மூன்று முறை. தேங்காய் எண்ணெய் உதவாது. அது காயாமல் தூசை ஈர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றின் உயிர்வளியை ஏற்று இறுகும். அப்போது வெப்பம் பிறப்பதால், சுருட்டிப்போட்ட எண்ணெய்த் துணி தானே தீப்பற்றக்கூடும். ஆகவே துணிகளை உடனே நீரில் நனைத்துவிட்டோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய ரப்பர் விதையிலும் ஓரளவு காய்ந்து இறுகும் எண்ணெய் உண்டு என்றபோது, மாணவர்கள் வியந்தனர்.

மூன்றாம் பூச்சை அந்த மூதாட்டியே தேய்த்தார். தேன்நிறத்தில் வரிகள் எழுந்தன. “இவ்ளோ அழகு உள்ள இருந்திச்சா?” என்று நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

குறை மரத்தில் இல்லை. அதனைப் பக்குவப்படுத்தும் வழி தெரியாமையே குறை. ‘இவன் தேறமாட்டான்’ என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல நா எழும்போதெல்லாம், இப்போது அந்தப் பெஞ்சு என் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பால்மரத்தின் கதையைக் கேளுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள்.