சீனத் தாவரப் பெயர்களும் அவற்றின் ஒலிப்பு வரலாறும்

சீனாவிலிருந்து பிற நாடுகளுக்குச் சென்ற தாவரங்கள் பலவற்றின் பெயர்கள் இன்று மூல ஒலிப்பிலிருந்து விலகியே வழங்குகின்றன. கிங்கோ, ஜின்செங், லிச்சி, லொங்கான், கம்குவாட், தேயிலை ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றைப் பிழையான உச்சரிப்புகள் என்று கூறி, சீனப் பொதுமொழியான மாண்டரின் ஒலிப்பே சரியானது என்று திருத்தும் வழக்கம் உண்டு. அந்தத் திருத்தம் பல இடங்களில் வரலாற்றுக்குப் பொருந்தாது.

காரணம் எளியது. சீன எழுத்து ஒலியைக் குறிப்பதைவிடச் சொல்லையே குறிக்கிறது. ஒரே எழுத்தை வடக்கே பெய்ஜிங்கில் ஒருவிதமாகவும், தெற்கே குவாங்சோவில் கான்டோனீய மொழியில் வேறுவிதமாகவும், ஃபூஜியன் கடற்கரையில் ஹொக்கியன் மொழியில் இன்னொரு விதமாகவும் படிப்பார்கள். ஐரோப்பிய வணிகர்கள் வந்து இறங்கியது தெற்குத் துறைமுகங்களில். அங்கே சரக்கு விற்றவர் வாயில் கேட்ட ஒலியைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மாண்டரின் ஒலிப்புக்கான பின்யின் உரோமன் எழுத்துமுறை சீனாவில் ஏற்கப்பட்டது 1958-இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பெயர்கள் கப்பலேறிவிட்டன.

கிங்கோ

இவ்வரிசையில் எழுத்துப்பிழை என்று உண்மையிலேயே சந்தேகிக்கத்தக்க பெயர் இது ஒன்றுதான். அதுவும் சீனாவிலிருந்து நேரே வரவில்லை. ஜப்பான் வழியாக வந்தது.

விசிறி போன்ற இலை கொண்ட இந்த மரத்திற்குச் சீனாவில் வழங்கிய பழைய பெயர் 'வாத்துக்கால்'. இலையின் வடிவம் அப்படி. வட சுங் மரபினர் ஆட்சியில், 11-ஆம் நூற்றாண்டு அளவில், தெற்கிலிருந்து இதன் கொட்டைகள் அரசவைக்குக் காணிக்கையாகச் சென்றன. அக்காலத்தில் 'வெள்ளி ஆப்ரிகாட்' என்ற மதிப்பான பெயர் வந்து சேர்ந்தது. மாண்டரினில் இது 'யின்-சிங்'. இதே எழுத்துகளை ஜப்பானியர் தம் முறையில் 'கின்-க்யோ' என்றும் 'கின்-அன்' என்றும் படித்தனர். முதல் எழுத்து 'கங்கை' என்பதில் வரும் முதல் ககரம் போல ஒலிக்கும். பேச்சு வழக்கில் அவர்கள் மரத்தை 'இச்சோ' என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். இது வாத்துக்காலைக் குறித்த சீனச் சொல்லின் திரிபு என்று கருதப்படுகிறது. அதாவது அரசவைப் பெயர் ஏட்டில் தங்கியது. மக்கள் பெயர் வாயில் தங்கியது.

1690 முதல் 1692 வரை நாகசாகியில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தவர் எங்கெல்பர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியர். வெளிநாட்டார் தேஜிமா என்ற சிறு தீவை விட்டு விருப்பம்போல் வெளியேற முடியாத காலம் அது. இமாமுரா கென்எமோன் என்ற இளம் உதவியாளரின் துணையோடு அவர் தாவரங்களையும் பெயர்களையும் திரட்டினார். 1712-இல் வெளிவந்த அவரது இலத்தீன் நூலில் மூன்று பெயர்களும் பதிவாயின. அவற்றுள் முதற்பெயரில்தான் சிக்கல். 'க்யோ' என்ற ஒலியை வேறிடங்களில் கே, ஜே, ஓ என்னும் எழுத்துகளால் எழுதிய கெம்ப்ஃபரின் நூலில், இங்கு மட்டும் கே, ஜி, ஓ என்று அச்சாகியிருக்கிறது. கையெழுத்தில் ஜே எழுத்தும் ஜி எழுத்தும் ஒன்றுபோலத் தோன்றுவதால் அச்சுக்கோப்பவர் மயங்கினார் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். இமாமுராவின் வட்டார ஒலிப்பைக் கேட்டபடி எழுதியதாகவும் இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். நாகசாகிப் பேச்சு தலைநகரப் பேச்சு அன்று என்பதை நினைத்தால் இரண்டாவது விளக்கத்தையும் எளிதில் தள்ள முடியாது.

1771-இல் லின்னேயஸ் இதே எழுத்துக்கூட்டலை அறிவியல் பெயராக ஏற்றார். 1797-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித், இந்தப் பெயர் முரடானது, நாகரிகமற்றது என்று கூறி, சாலிஸ்பரி என்ற தம் நாட்டுத் தாவரவியலாளரின் பெயரால் 'சாலிஸ்பூரியா' என்று மாற்றிப் பார்த்தார். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால் அது நிலைக்கவில்லை. கவிஞர் கேதே 1815-இல் இம்மரத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கவிதையின் அச்சுப் பதிப்பில், இடையில் இடறும் கே எழுத்தையே எடுத்துவிட்டார். ஆங்கிலம் பேசுவோர் ஜி எழுத்தையும் கே எழுத்தையும் இடம் மாற்றிச் சொல்கிறார்கள். யாருக்கும் அந்த எழுத்துக்கூட்டல் வாயில் நுழையவில்லை. யாராலும் அதை மாற்றவும் முடியவில்லை.

தமிழில் சிலர் இதை 'ஜிங்கோ' என்று எழுதுகின்றனர். ஆங்கில ஜி எழுத்தைக் கண்டு வந்த வழக்கம் அது. மூலத்தில் ஜகர ஒலி எங்கும் இல்லை. 'கிங்கோ' என்பதே பொருந்தும்.

ஜின்செங்

அதே மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் இந்தப் பெயரிலோ ஜகரம்தான் சரி. இரண்டுக்கும் உறவில்லை. கிங்கோவின் முதற்சொல்லுக்குப் பொருள் வெள்ளி. ஜின்செங்கின் முதற்சொல்லுக்குப் பொருள் மனிதன். கவைத்த கால்களோடு மனித உருவம் போலத் தோன்றும் வேர் என்பதால் அந்தப் பெயர். மாண்டரினில் 'ரென்-ஷென்', ஹொக்கியனில் 'ஜின்-சிம்'. ஐரோப்பிய வடிவம் ஹொக்கியனுக்கு நெருக்கமாக இருப்பதைக் காது கண்டுகொள்ளும்.

சீனப் பேரரசருக்காக நிலப்படம் வரைந்த ஜார்த்தூ என்ற பிரெஞ்சு ஏசு சபைத் துறவி, 1711-இல் இந்த வேரைப் பற்றி விரிவான கடிதம் எழுதினார். அதைப் படித்த லஃபித்தோ என்ற இன்னொரு துறவி, 1716-இல் கனடாவில் மொன்றியல் அருகே இதன் உறவுச் செடியைத் தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்த மோஹாக் மக்கள் அச்செடிக்கு வழங்கிய பெயரும் மனிதனின் கால்களையே குறித்தது என்று அவர் எழுதினார். இரு கண்டத்து மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே உவமையை எட்டியிருக்கிறார்கள்.

லிச்சியும் லொங்கானும்

'லிச்சி'யா, 'லைச்சி'யா என்ற கேள்விக்கு இரண்டும் சரி என்பதே விடை. மாண்டரினில் 'லி-ஜி', கான்டோனீயத்தில் 'லை-ஜி'. முதலாவது வடிவம் அரசவை மொழியைக் கற்ற துறவிகளின் ஏடுகள் வழியாகச் சென்றது. போலந்து நாட்டு ஏசு சபைத் துறவி மிக்கேல் போய்ம் 1656-இல் வியன்னாவில் வெளியிட்ட சீனத் தாவர நூலில் 'லி-சி' என்றே இருக்கிறது. இரண்டாவது வடிவம் குவாங்சோச் சந்தையிலிருந்து சென்றது. துறவி கேட்டது ஒன்று, வணிகர் கேட்டது இன்னொன்று.

இப்பழத்தின் அறிவியல் பெயரான 'லிச்சி சினென்சிஸ்' என்பதைத் தந்தவர் பியேர் சொன்னெரா. இந்தியாவிலும் சீனாவிலும் பயணம் செய்து 1782-இல் பாரிசில் அவர் வெளியிட்ட பயண நூலில் அப்பெயர் வருகிறது. பின்னர் பல ஆண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த இவரைத் தமிழ்நாட்டு வரலாறு படிப்போர் அறிவர். தென்னிந்தியத் தொழில்களையும் கோயில்களையும் மக்களையும் பற்றிய படங்களுக்காக இன்றும் அந்நூல் புரட்டப்படுகிறது. லிச்சிக்குப் பெயரிட்டவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது.

சீனாவுக்குள்ளேயே இப்பெயரின் எழுத்து மாறியிருக்கிறது. ஹான் காலப் புலவர் சீமா சியாங்ரு, பேரரசரின் வேட்டைக்காட்டை வருணிக்கும் நூலில், 'கிளையைப் பிரிதல்' என்று பொருள்படும் எழுத்துகளால் இதைக் குறித்தார். பழத்தைக் கிளையோடு ஒடித்தே எடுக்க வேண்டும், கிளையைப் பிரிந்தால் சில நாளில் நிறமும் மணமும் சுவையும் போய்விடும் என்ற பிற்கால விளக்கங்கள் இதிலிருந்து பிறந்தன. அழகான விளக்கம்தான். ஆனால் தென்னாட்டு மக்களின் வேற்றுமொழிச் சொல் ஒன்றைக் கேட்டு எழுதும்போது, பொருந்தி வந்த எழுத்துகளைப் போட்டிருக்கவும் கூடும்.

லொங்கான் என்றால் 'டிராகன் கண்'. தோலை உரித்தால் கண்ணாடி போன்ற சதைக்குள் கறுப்பு விதை தெரியும். வேறு விளக்கம் வேண்டாம். மாண்டரினில் 'லுங்-யென்', கான்டோனீயத்தில் 'லுங்-ஙான்'. சொல்லின் நடுவே ஙகரம் தனி அசையைத் தொடங்குவதை ஆங்கில எழுத்தால் காட்ட முடியவில்லை. எனவே அது 'லாங்கன்' ஆயிற்று. தமிழில் அதற்கு எழுத்து உண்டு. நாமே மறந்துபோன அந்த எழுத்துக்குக் குவாங்சோவில் தினமும் வேலை இருக்கிறது. மலேசியத் தமிழர் சொல்லும் 'லொங்கான்' மூலத்திற்கு மிக அருகில் நிற்கிறது.

கான்டோனீயச் சந்தைச் சொற்கள்

கம்குவாட் என்பது 'பொன் ஆரஞ்சு'. தமிழில் இதை 'கும்குவாட்' என்று எழுதுவது ஆங்கிலத்தின் யு எழுத்தைப் பார்த்து வந்த மயக்கம். கான்டோனீயத்திலும் ஆங்கிலத்திலும் முதல் அசை 'கம்' என்பதே. கடைகளில் இப்போது கிடைக்கும் பாக் சோய் என்ற கீரைக்குப் பொருள் 'வெள்ளைக் காய்கறி'. ஆங்கிலத்தில் இதை பி எழுத்தாலும் பீ எழுத்தாலும் எழுதி வாதிடுகிறார்கள். கான்டோனீயத்தின் அந்த ஒலி நம் 'பாக்கு' என்பதில் வரும் பகரமே. தமிழில் எழுதினால் வாதம் தீர்ந்தது.

லோகுவாட் கதை வேறு. இங்கு ஒலி பிழைக்கவில்லை, பொருள் பிழைத்தது. சீனர் இப்பழத்தைப் பொதுவாக அழைப்பது 'பீபா' என்று. கான்டோனீயத்தில் 'லோ-குவாட்' ஆன பெயர் முதலில் வேறொரு பழத்தைக் குறித்தது. சீமா சியாங்ருவின் அதே நூலில் இரண்டு பெயர்களும் தனித்தனியாக வருவதே சான்று. பின்னாளில் தெற்கே நாடுகடத்தப்பட்ட பெரும்புலவர் சூ ஷி இரண்டையும் ஒன்றாகக் கொண்டார் என்பர். தென்னாட்டு வழக்கும் அப்படியே அமைய, அந்த வடிவம் உலகெங்கும் சென்றது.

தேயிலை

தேயிலைக்குச் சீனத்தில் எழுத்து ஒன்று, ஒலிப்பு முதன்மையாக இரண்டு. பெரும்பாலான பகுதிகளில் 'சா'. ஃபூஜியன் கடற்கரையில் 'தே'. கான்டோனீயம் பேசும் மக்காவில் தங்கிய போர்த்துகீசியர் 'சா' என்றனர். நிலவழியாகப் பாரசீகம் சென்ற வடிவம் 'சாய்' ஆகி இந்திக்கு வந்தது. ஹொக்கியன் வணிகரோடு பழகிய டச்சுக்காரர் 'தே' என்றனர். அவர்களிடமிருந்து மேற்கு ஐரோப்பா அதைப் பெற்றது. ஆங்கிலத்திலும் 18-ஆம் நூற்றாண்டு வரை 'டே' என்ற ஒலிப்பு வழங்கியது. அலெக்சாண்டர் போப் அதை அதே ஒலியுள்ள சொல்லோடு இயைபுத் தொடையாக அமைத்திருக்கிறார். 'டீ' பிறகு நிலைத்தது.

தமிழில் இம்மூன்றும் உண்டு. குமரி மாவட்டத்திலும் கேரள எல்லையிலும் 'சாயா'. கடைத்தெருவில் 'டீ'. எழுத்து வழக்கில் 'தேநீர்', இலங்கைத் தமிழில் 'தேத்தண்ணி'. தேய்த்த இலை என்பதால் தேயிலை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றலாம். அது தே + இலை மட்டுமே. டீ என்பது மூலம், தேநீர் என்பது தமிழாக்கியவர் செய்த மாற்றம் என்ற எண்ணமும் பொதுவாக உண்டு. உண்மை நேர்மாறு. அமோய்த் துறைமுகத்து ஒலியோடு வைத்துப் பார்த்தால் தேத்தண்ணியின் 'தே' ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. விலகிப் போனது 'டீ'தான்.

நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தொழிற்சாலைகளில் புழங்கும் 'பெக்கோ' என்ற தரப்பெயரும் ஹொக்கியனிலிருந்து வந்தது. 'பெக்-ஹோ' என்றால் வெண்மயிர். இளங்கொழுந்தின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய வெள்ளை ரோமத்தைக் குறித்தது. மாண்டரினில் இது 'பாய்-ஹாவ்'. இன்று தொழிற்சாலையில் அது இலைத்துகளின் அளவைக் குறிக்கிறது. கொழுந்தில் மயிர் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. சல்லடையில் எந்தக் கண் வழியாக விழுந்தது என்றுதான் பார்க்கிறார்கள்.