சின்னதாகிப்போன சட்டைகள்: குழந்தை உடுப்புகளை மறுபடி விற்பதும் வாங்குவதும்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். முதலாவது பிறந்தநாள் வரும்போது 75 சென்ரிமீற்றரை எட்டிவிடும். ஐந்தாம் மாதமளவில் பிறப்பு நிறை இரண்டு மடங்காகிறது. ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. பிறந்த பின் வேறெந்த வருடத்திலும் மனிதர் இந்த வேகத்தில் வளர்வதில்லை. கடைகளில் குழந்தை உடுப்புகள் 0-3, 3-6, 6-9, 9-12 மாதம் என்று பிரித்து அடுக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். முதல் வருடத்துக்கே நான்கு அளவுகள் வேண்டும். ஓர் அளவின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வாரம்.

எங்கள் ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் கூடுகிறது. பிள்ளை பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வருபவர்களும் உடுப்புப் பெட்டியோடுதான் வருகிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் ஒரே அளவையே வாங்குகிறார்கள். எனது இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது அலுமாரியில் இருந்த சட்டைகளைத் தரம் பிரித்தேன். விலைச்சீட்டுக்கூட வெட்டப்படாதவை ஏழு, ஓரிரு தடவை மட்டும் போட்டவை பத்துக்கு மேல். நான் பேசிய மற்றத் தாய்மாரின் வீடுகளிலும் நிலைமை ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. ஆகவே பாவித்த குழந்தை உடுப்பு என்பது தேய்ந்துபோன உடுப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வளர்ந்தவர்களின் பழைய உடுப்புக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

ஒரு சட்டைக்குள் இருக்கும் தண்ணீர்

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக ஏறக்குறைய 10,000 லீற்றர் நீர் தேவைப்படுகிறது. பருத்திச் செடிக்குப் பெய்யும் மழை, பாய்ச்சும் நீர், சாயமிடும் நீர் எல்லாம் இதில் அடங்கும். 100 கிராம் நிறையுள்ள ஒரு குழந்தை உடுப்பு என்றால் 1,000 லீற்றர். எங்கள் கூரைகளில் வைக்கும் வழமையான தண்ணீர்த் தாங்கி ஒன்றின் கொள்ளளவு அது. அந்தளவு நீரைச் செலவழித்துச் செய்த உடுப்பை மூன்று மாதத்தில் ஒதுக்கிவிடுகிறோம்.

ஆடை, இலங்கையின் பண்ட ஏற்றுமதியில் முதலிடத்தில் இருப்பது. கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஆனால் தைப்பதற்கான பருத்தி இங்கு விளைவதில்லை. பெரும்பாலும் துணியாகவோ நூலாகவோ வெளிநாடுகளிலிருந்து வருகிறது. வரும் துணியின் செலவு டொலரில்தான்.

மறுமுனையில் குப்பை இருக்கிறது. பழைய துணியிலிருந்து மீண்டும் ஆடைக்கான துணி செய்யப்படுவது மிகக் குறைவு. எலன் மக்ஆர்தர் மன்றம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆடைத் தயாரிப்புக்குப் பயன்படும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே மீண்டும் ஆடையாகிறது. அதே வருடம் ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பின் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து வீடுகள்மேல் விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யாழ்ப்பாண நகரத்துக் குப்பை கல்லுண்டாயில் கொட்டப்படுகிறது. வளவுக்குள் குப்பையைக் கூட்டி எரிக்கும் பழக்கமும் வடக்கில் இன்னும் உண்டு. பருத்தித் துணி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் கலந்த துணி உருகிக் கரும்புகையோடு எரியும். அந்தப் புகை முதலில் போவது பக்கத்து வீட்டுக்குத்தான்.

விலை சொல்லும் செய்தி

2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர், சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. அந்த வருடம் ஜூனில் 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 12 ஆனது, செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. சம்பளம் இந்த வேகத்தில் ஏறவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்கள் உள்ள வீடுகளில் சத்துணவு, கிளினிக்குக்குப் போய்வரும் செலவு, பம்பர்ஸ், உடுப்பு எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நின்றால் எதைக் குறைப்பது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் தாயின் சாப்பாடுதான் குறைகிறது.

பாவித்த உடுப்பை நல்ல நிலையில் வாங்க முடிந்தால் இந்த இடத்தில் நெருக்கடி தளரும். கடந்த வருடம் நான் 3-6 மாத அளவில் 24 உடுப்புகளை ஒரே கட்டாக 3,500 ரூபாவுக்குக் கொடுத்தேன். வாங்கியவருக்கு ஓர் உடுப்பு 150 ரூபாவுக்குக் கிட்ட முடிந்தது. எனக்கு அடுத்த அளவு உடுப்புகளுக்கான பணத்தில் ஒரு பகுதி கிடைத்தது. இருவருக்கும் நட்டமில்லை.

கொடுப்பதா, விற்பதா?

பாவித்த உடுப்பு எங்களுக்குப் புதிதில்லை. பிறந்த பிள்ளையை முதன்முதலில் பழைய, மிருதுவான துணியில் சுற்றுவதுதான் எங்கள் வீடுகளின் வழக்கம். நோய்நொடியின்றி வளர்ந்த மருமகப்பிள்ளையின் சட்டையை ராசியான உடுப்பு என்று கேட்டு வாங்கும் அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். ஏணை கட்டுவதும் பழைய சேலையில்தான். புதிதாக இருப்பது பணம் மட்டுமே. "பிள்ளையின்ரை உடுப்பை விக்கிறதோ?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கண்ணூறு பட்டுவிடும், பிள்ளையின் ராசி போய்விடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. அப்படி எண்ணுபவர்கள் முதற்சட்டையையும் பெயர் வைத்த அன்று போட்ட உடுப்பையும் தம்மிடம் வைத்துக்கொள்கிறார்கள். எஞ்சியவை வெளியே போகத் தடை இருப்பதில்லை.

இனசனத்துக்குள் தேவை இருந்தால் கொடுப்பதுதான் முறை. அங்கே விலை பேச முடியாது. ஆனால் கூட்டுக்குடும்பங்கள் சிதறி, ஒரு சகோதரி ரொறன்ரோவிலும் மற்றவர் வவுனியாவிலும் இருக்கும்போது, கைமாற்றிக் கொடுக்க அந்த வயதில் பிள்ளை அருகில் இருப்பதில்லை. அந்த உடுப்புகள்தான் அலுமாரியில் மஞ்சளாகிக் கிடக்கின்றன. வாங்குபவரின் பக்கமும் ஒரு விடயம் உண்டு. சும்மா வாங்கினால் கடமைப்பட்டுவிடுவோம் என்று தயங்கும் தாய், சிறு தொகை கொடுத்து வாங்கும்போது தனக்குப் பிடித்ததைத் தெரிவுசெய்கிறார், பிடிக்காததை வேண்டாம் என்கிறார்.

இலவசமாகக் கொடுப்பது எப்போதும் நல்லதாக முடிவதுமில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நன்கொடையாக வந்த பழைய உடுப்புகள் எவரும் எடுக்காமல் வீதியோரம் குவிந்து கிடந்தன. காசு கொடுத்து எவரும் வாங்கமாட்டார் என்று தோன்றும் உடுப்பை நிவாரணப் பொதிக்குள் போடுவதும் முறையில்லை.

விற்பதற்கு முன் செய்யவேண்டியவை

தாமதிக்காமல் விற்பது முதலாவது விடயம். எங்கள் வெக்கையில் இலாஸ்ரிக் இரண்டு மூன்று வருடத்தில் இற்றுவிடும். மாரிமழைக் காலத்தில் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கழுவியதுபோலத் தெரியும் சட்டையில் எஞ்சியிருக்கும் பால், மாதங்கள் சென்றபின் மஞ்சள் கறையாக வெளியே தெரியும்.

பால், வாந்தி, மலக்கறைகளை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சுடுநீர் புரதத்தை இறுக்கி கறையைத் துணியோடு பிணைத்துவிடும். அலசியபின் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துத் துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்தால் குழந்தை மலத்தின் மஞ்சளும் மஞ்சள்தூளின் கறையும் பெரும்பாலும் மங்கிவிடும். கடும் நிறத் துணியை மட்டும் உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்தலாம்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள். கறையோ கிழிசலோ இல்லாதவை விற்க. சிறு கறை உள்ளவை, வீட்டில் போடுவதற்கென்று சொல்லியே குறைந்த விலைக்கு அல்லது இலவசமாகக் கொடுக்க. எஞ்சியவை துடைக்கும் துணிக்கு. பருத்திச் சட்டை நல்ல துடைதுணியாகும்.

நப்தலீன் உருண்டை பற்றி ஓர் எச்சரிக்கை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள். குழந்தை உடுப்புக்குள் பூச்சி உருண்டை எனப்படும் நப்தலீன் உருண்டைகளைப் போட வேண்டாம்.

ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளில் நப்தலீன் ஆவி செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். பிறந்த குழந்தையின் ஈரல் முதிர்ச்சியடையாதிருப்பதால் கடும் செங்கமாரி ஏற்பட்டு, அது மூளையைப் பாதிக்கவும் உயிரைப் பறிக்கவும்கூடும். இந்தக் குறைபாடு மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் அதிகம் காணப்படுகிறது. இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016இல்தான் அறிவிக்கப்பட்டது. குறைபாடு பரம்பரையாக வருவது, ஆண் குழந்தைகளில் கூடுதலாக வெளிப்படுவது. பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிந்திருப்பதில்லை. எண்ணெய் பூசிய தோலினூடாக நப்தலீன் இன்னும் இலகுவாக உட்செல்லும் என்பதையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாங்கள் கவனிக்க வேண்டும்.

நப்தலீன் நீரில் எளிதில் கரையாது. அதனால் ஒரு தடவை துவைத்தால் போதும் என்று நம்ப முடியாது. மணம் வரும் உடுப்பைப் பல நாட்கள் திறந்த வெளியில் வெயிலில் காயவிட்டு, துவைத்து, மறுபடி காயவிட வேண்டும். அதன்பிறகும் மணம் இருந்தால் கைக்குழந்தைக்குப் போட வேண்டாம். சேமித்து வைக்கும்போது உருண்டைக்குப் பதிலாக நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

கழுத்துப்பட்டியிலும் தொப்பியிலும் இழுகயிறு உள்ள உடுப்புகளைத் தவிருங்கள். கயிறு எங்காவது சிக்கிக் கழுத்தை இறுக்கிய மரணங்கள் காரணமாகவே ஐரோப்பாவில் சிறுவர் உடுப்புகளுக்கு இதற்கென்று தனித் தரநிலை உள்ளது. கயிற்றை உருவி எடுத்துவிட்டால் உடுப்பைப் பாவிக்கலாம். பொத்தான், முத்து, மணி ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். கழன்று விழுந்தால் அது பிள்ளையின் வாய்க்குள் போகும். காலுறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இரத்தோட்டத்தை நிறுத்திவிடும்.

யாரிடம் வாங்கினாலும் வீட்டில் ஒரு தடவை துவைத்தே போடுங்கள். சிரங்குப் பூச்சி மனித உடலுக்கு வெளியே இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர்வாழ்வதில்லை. சந்தேகம் இருந்தால் உடுப்பைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி நான்கு நாட்கள் வைத்துவிட்டு, சுடுநீரில் துவையுங்கள்.

அளவுச் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய உடுப்புகளில் 62, 68, 74, 80 என்று இருப்பது குழந்தையின் உயரம் சென்ரிமீற்றரில். அமெரிக்க, கனேடிய உடுப்புகளில் மாதக் கணக்கு இருக்கும். விற்பவரிடம் தோளிலிருந்து கீழ் விளிம்புவரை அளந்து சொல்லக் கேளுங்கள்.

எங்கே, எப்படி விற்பது?

லித்துவேனியாவில் 2008இல் தொடங்கிய வின்ரெட் போன்ற தளங்கள் ஐரோப்பாவில் பாவித்த உடுப்பு விற்பனையைச் சாதாரண விடயமாக்கிவிட்டன. இங்கே அதற்கு ஒத்த வேலையைப் பேஸ்புக் குழுக்களும் இக்மன் போன்ற விளம்பரத் தளங்களும் ஊர் வட்ஸ்அப் குழுக்களும் செய்கின்றன. எனது அனுபவத்தில் விரைவாகக் கைமாறுவது வட்ஸ்அப்பில்தான். ஆளை ஆள் தெரிந்திருப்பதால் நம்பிக்கை உண்டு. அனுப்பும் செலவும் மிச்சம்.

தனித்தனியாக விற்க முயல வேண்டாம். ஒரே அளவில் பத்து இருபதைக் கட்டாகப் போடுங்கள். பகல் வெளிச்சத்தில் விரித்துப் படம் எடுங்கள், கறையிருந்தால் அதையும் கிட்டவைத்து எடுங்கள். பிள்ளை அந்த உடுப்போடு நிற்கும் படத்தைப் பொதுக் குழுக்களில் போட வேண்டாம். புதிய விலையின் மூன்றிலொன்று நல்ல நிலையில் உள்ளதற்கு நியாயமான தொடக்கம்; அன்றாடச் சட்டைகளுக்கு அதிலும் குறைவு. முன்பின் தெரியாதவரைச் சந்திப்பதானால் பகலில், கடைத்தெருவில் சந்தியுங்கள். தூர இடத்துக்கு அனுப்பும்போது, பொருள் கிடைத்தபின் பணம் செலுத்தும் கூரியர் முறை இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

வெளிநாட்டிலிருந்து வரும் தடித்த குளிர் உடுப்புகள் யாழ்ப்பாணத்தில் விலைபோகாது. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் அவற்றுக்குத் தேவை உண்டு. அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

மறுவிற்பனை செய்ய முடியாதது

விற்ற பணத்தில் இரண்டு மடங்கு புது உடுப்பு வாங்கினால் சூழலுக்கு இலாபமில்லை. ஒரு சட்டை இரண்டாவது பிள்ளைக்குப் போய், அந்தப் பிள்ளைக்காக வாங்கவிருந்த புதுச் சட்டை வாங்கப்படாமல் விடப்பட்டால்தான் மேலே சொன்ன 1,000 லீற்றர் மிச்சமாகிறது. ஆகவே விற்பதைவிட வாங்காமல் விடுவது முதலில் வருகிறது. அந்தந்த அளவில் எட்டுப் பத்து உடுப்பு ஒரு குழந்தைக்குப் போதும். எங்கள் வெயிலில் துவைத்தது சில மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். பிள்ளை பார்க்கப் போகும்போது ஒரு வயது அளவில் உடுப்பு வாங்கலாம், அல்லது தாய்க்கு என்ன தேவை என்று கேட்டு அதை வாங்கலாம்.

அலுமாரியில் இப்போது சின்னதாகிப்போன உடுப்பு இருந்தால், இந்த வாரமே ஒரு வெயில் நாளில் எடுத்துத் துவைத்துப் பிரியுங்கள். அந்த அளவில் ஒரு பிள்ளை உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் போனால் அந்தப் பிள்ளைக்கும் அது சின்னதாகிவிடும்.