ஒளிநாடாவும் பாடபேதமும்



உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நூற் பதிப்பு வரலாற்றைக் கற்பிக்கும்போது, 'பாடபேதம்' என்ற சொல்லை விளங்கப்படுத்துவது ஒவ்வோர் ஆண்டும் எனக்குச் சற்றுச் சிரமமான காரியமாகவே இருந்து வந்துள்ளது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். இருவரும் ஊர் ஊராகத் தேடிய ஏடுகளுள் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கவில்லை. செல்லரித்தவை சில, இடையில் இதழ் இழந்தவை சில, எழுதியவர் தம் சொல்லைச் சேர்த்துவிட்டவை சில. இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஒரே புத்தகம் எப்பிடி ஆளுக்கொரு மாதிரி இருக்கும்?" என்று கேட்டான். நான் முன்கூட்டி நினைத்திராமலே, "வீடியோ கசெற் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டேன். வகுப்புச் சிரித்தது. கசெற் என்ற பொருளையே கண்டறியாத பிள்ளைகள் அவர்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்த பின்னர்தான், நான் சொன்னது வெறும் வேடிக்கையல்ல என்ற எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. இன்றைய பேச்சு அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததாகும்.

என் தந்தையாரின் தலைமுறைக்குச் சினிமா என்பது தியேட்டர்தான். யாழ்ப்பாண நகரில் வின்சர், ராஜா, மனோகரா, றீகல் என்று அவர்கள் பெயர் சொல்லத் தொடங்கினால் அந்த வீதிகளும் அவர்களுடைய வாலிபமும் கூடவே வரும். 1961இல் வெளிவந்த 'பாசமலர்' படத்தை எந்தத் தியேட்டரில், யாரோடு, எத்தனை முறை பார்த்தார்கள் என்பதை அவர்கள் தம் பிள்ளைகளின் பிறந்தநாளை விடத் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்களுடைய ஏக்கம் ஒரு கட்டடத்தைப் பற்றியது. ஆயிரம் பேரோடு ஒரே இருட்டில் இருந்ததைப் பற்றியது.

1980ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த எங்களுக்கு அந்த இருட்டுக் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது வேறோர் இருட்டு. அதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கி நோக்குதல் வேண்டும்.

வீ.எச்.எஸ். எனப்படும் ஒளிநாடா முறையை யப்பானிய ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. அரை அங்குல அகலமான காந்த நாடாவில் மூன்று மணிநேரம் பதியலாம் என்பது, தமிழ்ப் படத்துக்கென்றே அளந்து செய்தது போல அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் ரி.வி.யும் டெக்கும் கொண்டு திரும்பினர். 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனமே பிறநாட்டுப் படங்களை இறக்குமதி செய்து வந்தது. தமிழ்நாட்டில் வெளியாகும் படங்களிற் சிலவே, அவையும் காலந்தாழ்த்தியே, தியேட்டர்களுக்கு வந்தன. அந்த இடைவெளியில்தான் ஒளிநாடா நுழைந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் சிறு பட்டினங்களிற்கூட வீடியோக் கடைகள் தோன்றின. படம் பார்ப்பது வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. டெக்கும் ரி.வி.யும் துணி போர்த்திய பெட்டிகளாயின. ஆனாற் படம் பார்ப்பது நிற்கவில்லை என்பதே வியப்பு. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அதே மக்கள், ஜெனறேற்றரில் ஒரு துளி பெற்றோல் காட்டி இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டுப் படம் பார்த்தார்கள். மண்ணெண்ணெயோ பொருளாதாரத் தடையில் அகப்பட்ட பொருள். விளக்குக்கே சிக்கனமாக விடுவது. ஆகவே அயலவர்கள் காசு சேர்ப்பார்கள். ரி.வி., டெக், ஜெனறேற்றர், நாலு கசெற் யாவும் ஓரிரவுக்கு வாடகைக்கு வரும். ஓர் ஒழுங்கையே ஒரு வளவுக்குள் கூடும். சாக்கும் பாயும் விரித்துச் சிறுவர் முன்னேயும், பெண்கள் திண்ணையிலும், ஆண்கள் வேலியோரத்திலும் இருப்பர். விடியும்வரை படம் ஓடும். எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதற்கும் அந்நாளிற் கட்டுப்பாடுகள் இருந்தன. விமானச் சத்தம் கேட்டால் முதலில் அணைவது ரி.வி.தான்.

எங்களிடம் வந்து சேர்ந்த அந்தக் கசெற் எத்தகையது? கொப்பியின் கொப்பியின் கொப்பி அது. ஒவ்வொரு முறை பிரதி செய்யும்போதும் முதலில் நிறம் மங்கும். பின்னர் முகங்களின் ஓரம் கரையும். இறுதியிற் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் மழைபோல் நிலைத்துவிடும். திரையின் கீழ்ப்பகுதியில் வெள்ளைக் கோடுகள் நெளியும். படம் போடுபவர் வெள்ளைத்தாள் துண்டொன்றால் டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் முயல்வார். சில பிரதிகளிற் பாட்டு வெட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் கதாநாயகி அழும் இடத்தில், வெளிநாட்டு நகைக்கடை விளம்பரம் அவள் கண்ணீருக்குக் கீழே ஊர்ந்து செல்லும். ஏட்டுச்சுவடிக்குச் சிதைவும் இடைச்செருகலும் எப்படியோ, எங்கள் ஒளிநாடாவுக்கும் அப்படியே. அயலூரார் பார்த்த 'சின்னத்தம்பி'யும் நாங்கள் பார்த்த 'சின்னத்தம்பி'யும் ஒன்றல்ல. அவர்களுடைய பிரதியில் இருந்த ஒரு காட்சி எங்களுடையதில் இல்லை. அதற்காகப் பாடசாலையிற் சண்டையே நடந்தது. ஆண்டுக் கணக்கும் எங்களுக்குப் பொருட்டல்ல. எங்கள் ஒழுங்கைக்கு முதன்முதலில் வந்த படமே எங்களுக்குப் புதுப்படம்.

1993ஆம் ஆண்டு ஓரிரவு எங்கள் வளவில் 'தளபதி' போட்டார்கள். மணிரத்தினம் இயக்கி 1991இல் வெளிவந்த படம். கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் கடந்து வந்த ஒருவருடைய பயணப் பையில் அந்தக் கசெற் வந்ததாகச் சொன்னார்கள். அன்றைய வரிசையில் அது மூன்றாவது படம். சூர்யாவும் அவனைப் பெற்ற தாயும் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட கட்டம் கடந்து சிறிது நேரத்தில் ஜெனறேற்றர் இருமியது, பின்னர் நின்றது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. இருட்டில் ஒருவரும் எழும்பவில்லை. ஒருவேளை மீண்டும் இயங்கும் என்று நெடுநேரம் இருந்தோம். காலையிற் கசெற் வேறூருக்குப் போய்விட்டது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் மறுநாள், படத்தின் முடிவு தனக்குத் தெரியும் என்றான். கொழும்பில் இருந்த மாமன் சொன்னதாம். பாடசாலைக் கிணற்றடியில் எங்களைச் சுற்றி இருத்திவைத்து அவன் சொன்ன முடிவு இதுதான்: நண்பன் தேவாவுக்கு வந்த குண்டைச் சூர்யா தன் மார்பில் ஏற்கிறான், தாய் ஓடி வந்து அவன் தலையை மடியில் எடுக்கிறாள், 'என் மகனே' என்று ஊரறியச் சொல்லி அழுகிறாள், அவன் கண்ணை மூடுகிறான். எங்களில் ஒருவன், "ரஜினி சாவாரோடா?" என்று ஐயப்பட்டான். அதற்கு அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "கர்ணன் சாகாமல் கதை முடியுமே?"

அவனுடைய பாட்டனார் இளமையிற் கூத்தில் கர்ணனுக்கு ஆடியவர். பதினேழாம் நாட் போரும், குந்தி களத்துக்கு ஓடி வந்து மகனை மடியில் ஏந்துவதும் அவன் தொட்டிலிற் கேட்ட கதை. 'தளபதி' கர்ணன் கதை என்பதை எங்களுள் முதலிற் கண்டுகொண்டவன் அவனே.

1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாடு இடம்பெயர்ந்தபோது நாங்கள் தென்மராட்சிக்குச் சென்று அடுத்த ஆண்டு திரும்பினோம். அவன் குடும்பத்தோடு வன்னிக்குப் போனான். 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர் குறுந்தட்டுகள் தாராளமாக வந்தன. அப்போதுதான் 'தளபதி'யை முழுமையாகப் பார்த்தேன். தெளிவான படம், கோடில்லை, இரைச்சலில்லை. இறுதியில் இறப்பவன் தேவா. சூர்யா வாழ்கிறான், தாயும் அவனோடு தங்குகிறாள். ஒன்பது ஆண்டுகளாக நான் சுமந்து திரிந்த முடிவு படத்தில் இல்லவே இல்லை. மாமனும் இல்லை, செய்தியும் இல்லை; கிணற்றடியில் அவனே அதனை ஆக்கியிருக்கிறான். அவனைக் கண்டு கேட்கவேண்டும், நன்றாகப் பேசவேண்டும் என்று நினைத்தேன். காணவில்லை. 2009ஆம் ஆண்டின் பின் அவனைப் பற்றி யாருக்கும் எச்செய்தியும் இல்லை.

இத்தகைய அநுபவம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. சவுசெஸ்கு ஆட்சிக்கால ருமேனியாவில், மேலைநாட்டுப் படங்கள் கள்ளமாகக் கசெற்றில் வந்து வீடுகளிற் பரவின. இரினா நிஸ்டோர் என்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரே ஆயிரக்கணக்கான படங்களில், ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் ருமேனிய மொழியிற் குரல் கொடுத்தார். முகம் தெரியாத அந்தக் குரலைத்தான் அந்நாட்டில் ஒரு தலைமுறை சினிமாவாக நினைவில் வைத்திருக்கிறது. 2015இல் இதுபற்றி ஓர் ஆவணப்படமே வெளிவந்தது. அவர்கள் ஏங்குவது படத்துக்காகவா, குரலுக்காகவா என்று கேட்டால், குரலுக்காக என்பதே விடையாகும்.

நாற்பதைக் கடந்த நாங்கள் இன்று பழைய படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. ஆயினும் அந்த இரவுகளைப் பொற்காலமாக்கிவிடலாகாது. இல்லாமையினாற் பிறந்தவை அவை. அந்தக் கசெற்றுகளிற் பல உரிமையின்றிப் பிரதி செய்யப்பட்டவை; படம் எடுத்தவர்களுக்கு அவற்றால் ஒரு சதமும் போய்ச் சேர்ந்திராது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் படத்துக்குப் போனபோது, எந்த வீட்டில் எந்தப் பிள்ளையின் படிப்பு விளக்கு அணைந்தது என்பதையும் நாம் நினைக்கவேண்டும்.

ஆனால் வரலாறு எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் குறை. எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, யார் நடித்தார், எத்தனை நாள் ஓடியது என்று எழுதுகிறோம். எந்தப் பிரதி எந்த ஊருக்கு வந்தது, எது குறைந்திருந்தது, குறைந்ததை யார் எதைக்கொண்டு நிரப்பினார் என்று எழுதுவதில்லை. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகள் சாம்பலாயின. மூலம் அழிந்த படத்துக்கு, யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியிற் கிடக்கும் பூஞ்சணம் பிடித்த கசெற்றே ஏடாகிவிடக்கூடும். அதைப் போட்டுப் பார்க்கும் கருவியும் அருகிவிட்டது. யப்பானின் புனாய் நிறுவனம் 2016இல் டெக் உற்பத்தியை நிறுத்தியதோடு அதன் காலம் முடிந்தது. ஏடுகள் ஒடிந்து உதிர்வதைக் கண்டு தாமோதரம்பிள்ளை பட்ட அவசரத்தை நாமும் படவேண்டிய காலம் இது.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து பழைய தோழன் ஒருவன் தொலைபேசியிற் பேசினான். கிணற்றடியில் அன்று இருந்தவர்களுள் அவனும் ஒருவன். பேச்சு வழக்கம்போற் படங்களுக்குப் போயிற்று. "சூர்யா செத்த இடத்தில நான் அழுதது ஞாபகம் இருக்கே?" என்றான். "மச்சான், படத்தில அவன் சாகேல்லை" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் சொன்னான்: "அது எனக்கும் தெரியும். ஆனா எங்கட கொப்பியில அவன் செத்தவன்."

பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவது பதிப்பாசிரியரின் கடமை. 'தளபதி' என்ற படத்துக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றில் வழங்கிய பாடம் இது. 1993ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் சொன்னது. நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நினைவில் இருப்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.